குழாயின் இந்த முனையில் என்ன வருகிறது?

வீட்டு ஆக்சிஜன் சேவை எப்படி இருக்கிறது என்று கேட்டால் பலரும் சொல்வது, "சொன்ன அன்றைக்கே மிஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்" என்பதுதான். சீக்கிரம் வந்தது நல்லதே. ஆனால் ஃப்ரிட்ஜ் கெட்டால் பால் திரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த மிஷின், அதாவது அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அப்படிச் சட்டென்று காட்டிக்கொடுக்காது. விளக்கு எரியும், கம்ப்ரசர் உறுமும், ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வரும். மூக்கில் மாட்டும் குழாயான கேனுலாவை உதட்டருகே பிடித்தால் காற்று சில்லென்று படும். வருவது ஆக்சிஜனா அறைக்காற்றா என்பது மட்டும் உதட்டுக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும் கான்சன்ட்ரேட்டர் 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன் தரும். 93 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் அதில் ஆக்சிஜன் 1.86 லிட்டர். அறைக்காற்றிலேயே 21 சதவீதம் இருப்பதால், அந்த 2 லிட்டரும் வெறும் காற்றாக வந்திருந்தாலும் 0.42 லிட்டர் கிடைத்திருக்கும். ஆக, மிஷின் கூடுதலாகத் தருவது 1.44 லிட்டர். தூய்மை 60 சதவீதத்துக்கு இறங்கினால் இந்தக் கூடுதல் 0.78 லிட்டராகிவிடும். 93இலிருந்து 60, மூன்றில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். நோயாளிக்குக் கிடைக்கும் பலனோ கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. மின்சாரம் மட்டும் முழுசாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் சேவையின் தரத்தை மிஷினின் பிராண்டை வைத்தோ டெலிவரி வேகத்தை வைத்தோ எடைபோட முடியாது. குழாயின் கடைசி முனையில் என்ன வருகிறது, அது நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று யாராவது முறையாக அளக்கிறார்களா என்பதே கேள்வி.

சியோலைட் ஏன் கெடுகிறது

கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. காற்றிலிருந்து நைட்ரஜனைக் கழிக்கிறது, அவ்வளவுதான். கம்ப்ரசர் அறைக்காற்றை அழுத்தி, சியோலைட் மணிகள் நிரப்பிய உருளைக்குள் தள்ளும். அழுத்தம் இருக்கும்வரை நைட்ரஜன் அந்த மணிகளில் ஒட்டிக்கொண்டு நிற்க, ஆக்சிஜன் தாண்டிப் போகும். சில நொடிகளில் மணிகளில் இடம் தீர்ந்துவிடும். உடனே வால்வு திரும்பி, காற்றை இரண்டாவது உருளைக்கு அனுப்பும். முதல் உருளை அழுத்தம் தணிந்து, பிடித்துவைத்த நைட்ரஜனைப் 'புஸ்' என்று வெளியே விடும். மிஷினிலிருந்து சீரான இடைவெளியில் கேட்கும் பெருமூச்சு இதுதான். அந்தத் தாளம் மாறினால், ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகினால், வால்வைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காற்றில் உள்ள ஆர்கான் வாயு ஆக்சிஜனோடு சேர்ந்தே தாண்டிவிடுகிறது. அதனால் வீட்டு மிஷின் 96 சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. "எங்கள் மிஷின் 99 சதவீதம்" என்று ஒருவர் விற்கிறார் என்றால், அவருக்கு மிஷினைப் பற்றித் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

சியோலைட்டுக்கு முதல் எதிரி ஈரம். அழுத்தம் தணிந்தால் நைட்ரஜன் விட்டுப் போகும், நீராவி லேசில் போகாது. மணிகளில் தங்கி, நைட்ரஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் மிஷினைவிட, ஈரமான கிடங்கில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த மிஷின் மோசமாக இருப்பது இதனால்தான். வாடகைக்கு வரும் மிஷினில் இதைக் கவனிக்க வேண்டும். வெளியே துடைத்துப் புதுசுபோல் இருக்கும், உள்ளே சியோலைட் நனைந்திருக்கும். கொண்டுவந்த அன்றே, வண்டி கிளம்புவதற்கு முன், தூய்மையை அளந்து காட்டச் சொல்வது நோயாளியின் உரிமை. கருவி கையில் இல்லை என்றால் அந்தச் சேவையைப் பற்றி வேறெதுவும் கேட்கத் தேவையில்லை.

அடுத்த எதிரி சூடு. சுவரோடு ஒட்டியோ திரைச்சீலைக்குப் பின்னாலோ அலமாரிக்குள்ளோ வைத்தால் மிஷின் தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுக்கும். கம்ப்ரசர் சூடேறி, அதன் சீல்கள் தேய்ந்து, அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நைட்ரஜன் முழுதாக ஒட்டாது. சுற்றிலும் 30 சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். சமையலறையும் குளியலறைப் பக்கமும் வேண்டாம், எண்ணெய்ப் புகையும் நீராவியும் நேராக உள்ளே போகும். பிளக், சுவரில் உள்ள தனி சாக்கெட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் கார்டில் அயர்ன் பாக்ஸோடு பங்கு போடக்கூடாது.

வெளியே தெரியும் பஞ்சு ஃபில்டர் மட்டும் வீட்டார் வேலை. வாரம் ஒருமுறை லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, முழுதாகக் காயவைத்துப் போட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் கழுவாமலே விட்டிருக்கலாம், ஈரம் எங்கே போகும் என்பதை மேலே பார்த்தோம். ஒன்று காயும்போது போட இன்னொன்று வேண்டும், ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர்களை மிஷின் ஓடிய மணிக்கணக்கு பார்த்து டெக்னீஷியன்தான் மாற்ற வேண்டும்.

டெக்னீஷியன் வந்தால் என்ன செய்ய வேண்டும்

வந்து, ஆன் செய்து, "நல்லாத்தான் ஓடுது" என்று கையெழுத்து வாங்கிப் போவது சர்வீஸ் ஆகாது. முறையான சோதனைக்கு அரை மணி நேரமாவது ஆகும். நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மிஷின் ஓடி நிலைப்பட 10, 15 நிமிடம் விட வேண்டும். ஆன் செய்த முதல் நிமிடத்தில் வரும் அளவுக்கு அர்த்தமில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிட்டு, மிஷினின் வாயிலேயே தூய்மையை அளக்க வேண்டும், ஈரக் காற்று அளக்கும் கருவியைக் குழப்பும். டாக்டர் எழுதிய லிட்டரில் ஒருமுறை, மிஷினின் உச்ச லிட்டரில் ஒருமுறை. இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சியோலைட் சோர்ந்துபோன மிஷின் 1 லிட்டரில் 93 காட்டும், 5 லிட்டரில் 75 காட்டும். இன்றைக்கு 1 லிட்டர் போதும் என்கிற நோயாளிக்கு நாளை சளி பிடித்து 3 லிட்டர் தேவைப்படும்போதுதான் வித்தியாசம் தெரியும், தெரியக்கூடாத நேரத்தில்.

அடுத்து ஓட்டம். மிஷினில் ஓட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழலில் உள்ள பந்து 2 லிட்டரில் நின்றால் குழாயின் முனையிலும் 2 லிட்டர் வர வேண்டும். தனி ஃப்ளோமீட்டரை முனையில் மாட்டிப் பார்த்தால் தெரியும். நடுவில் எங்காவது கசிந்தால் இங்கே குறையும். பிறகு அலாரம். மிஷின் ஓடும்போதே பிளக்கை இழுத்தால் அது அலற வேண்டும். அலறாவிட்டால் உள்ளே அலாரத்துக்கான பேட்டரி செத்திருக்கும், ராத்திரி கரன்ட் போனால் தூங்குபவரை யாரும் எழுப்பப்போவதில்லை. தூய்மை குறைந்தால் எச்சரிக்கும் சென்சார் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கான்சன்ட்ரேட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 80601-2-69 தரநிலையின்படி 82 சதவீதத்துக்குக் கீழே போனால் மிஷின் எச்சரிக்க வேண்டும். பழைய, மலிவான மாடல்கள் சிலவற்றில் இந்தச் சென்சாரே கிடையாது. அவை மேலே சொன்ன மாதிரி சத்தமில்லாமல் ஏமாற்றும்.

கடைசியாக, மிஷினில் ஒட்டிய அட்டையில் தேதி, மணி மீட்டர் அளவு, இரண்டு தூய்மை அளவுகள், முனையில் வந்த ஓட்டம், மாற்றிய ஃபில்டர் எல்லாம் எழுத வேண்டும். ஒருமுறை அளந்ததில் பெரிதாக எதுவும் தெரியாது. 94, 93, 91, 88 என்று அட்டையில் இறங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் மிஷினை எப்போது மாற்ற வேண்டும் என்று தானாகவே தெரியும்.

வீட்டிலேயே இரண்டு நிமிடச் சோதனை

"மிஷின் ஓடுது, ஆனா மூக்குல ஒண்ணும் வரல" என்ற புகாரில் மிஷின் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். முதல் சந்தேகம் தண்ணீர் பாட்டிலின் மூடி மீது விழ வேண்டும். மரை ஏறாமல் கோணலாக மாட்டினால் ஆக்சிஜன் அத்தனையும் மூடியோரம் கசிந்துவிடும்.

கேனுலாவின் இரண்டு முனைகளையும் ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் பாதை சரி, துடைத்து மாட்டிக்கொள்ளலாம். வராவிட்டால், கேனுலாவுக்குப் பக்கத்தில் குழாயை மடித்து இறுக்கிப் பிடியுங்கள். பாட்டிலில் அழுத்தம் ஏறி, அதன் பாதுகாப்பு வால்வு சில நொடியில் விசில் அடிக்க வேண்டும். விசில் அடித்தால் பிடித்த இடம்வரை சரி, அதற்கு அப்பால்தான் கோளாறு, கேனுலாவை மாற்றுங்கள். விசிலும் இல்லை, பாட்டிலில் குமிழி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் நடுவில் கசிவு. பாட்டிலின் வாயையே விரலால் அடைத்துப் பாருங்கள். இப்போது விசில் வந்தால் குழாயில் ஓட்டை, வராவிட்டால் மூடியோ அதன் வாஷரோ பாட்டில் விரிசலோ. பந்து கீழே விழுந்து கிடந்தால் அது வேறு கதை. கட்டில் கால் குழாய் மேல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பந்தைப் படிப்பதிலும் பிழை வரும். பந்தின் நடுப்பகுதி கோட்டில் இருக்க வேண்டும், மேல்விளிம்போ கீழ்விளிம்போ அல்ல. கண் அதே மட்டத்துக்கு வர வேண்டும். தரையில் இருக்கும் மிஷினை நின்றுகொண்டு பார்த்தால் அரை லிட்டர்வரை தவறாகப் படிக்கலாம். சிலருக்கு அரை லிட்டர் என்பது பெரிய வித்தியாசம்.

தண்ணீர் பாட்டில் 4 லிட்டருக்குக் கீழே பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. மூக்கு தானாகவே ஈரப்படுத்திக்கொள்ளும் அளவுதான் அது. பாட்டில் இருந்தால் சிகிச்சை முழுமையாக நடப்பதுபோல் ஒரு திருப்தி, அதனால் எல்லோருக்கும் மாட்டிவிடுகிறார்கள். தேவைப்படுபவருக்கு டிஸ்டில்டு வாட்டர் அல்லது காய்ச்சி ஆறவைத்த நீர், இரண்டு கோட்டுக்கும் நடுவில். தினமும் பழையதைக் கொட்டிக் கழுவிப் புதிதாக நிரப்ப வேண்டும். பழையதைக் கொட்டாமல் குறைந்த அளவை மட்டும் மேலே ஊற்றிக்கொண்டே போனால் அடியில் கிருமி வளரும், அது நேராக நுரையீரலுக்குப் போகும். மேல்கோட்டைத் தாண்டி நிரப்பினால் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, படுத்திருப்பவர் மூக்கில் சொட்டும்.

கேனுலாவின் வளைவு கீழ்நோக்கி, மூக்கின் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மூக்கின் மேல்சுவரில் காற்று அடித்துப் புண்ணாகும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம், சளி பிடித்துத் தேறிய பிறகு கட்டாயம். பிளாஸ்டிக் கெட்டித்துக் காதுக்குப் பின்னால் உரசினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நீட்டிப்புக் குழாய்க்கு பெரும்பாலான மிஷின்களில் 15 மீட்டர்தான் வரம்பு. அதற்கு மேல் ஓட்டம் குறையும், போகிறவர் வருகிறவர் காலும் தடுக்கும்.

"2 லிட்டர்" என்பது மருந்துச்சீட்டு அல்ல

ஆக்சிஜன் மருந்து. அளவு, நேரம், இலக்கு மூன்றும் எழுதப்பட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது எத்தனை லிட்டர், தூங்கும்போது எத்தனை, நடக்கும்போது எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் எந்த எண்ணுக்குள் வைக்க வேண்டும். சீட்டில் "ஆக்சிஜன் 2 லிட்டர், தேவைப்பட்டால்" என்று மட்டும் இருந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கேளுங்கள். "தேவைப்பட்டால்" என்பதை நோயாளி எப்படித் தெரிந்துகொள்வார்? மூச்சுத்திணறலும் ஆக்சிஜன் குறைவும் ஒன்றல்ல. ஆக்சிமீட்டரில் 95 சதவீதத்தோடு மூச்சு வாங்குபவர்கள் உண்டு, 82 சதவீதத்தோடு சிரித்துப் பேசுபவர்களும் உண்டு.

நீண்டகால ஆக்சிஜன் யாருக்கு என்பது ரத்த வாயுப் பரிசோதனையில் தெரியும். ஓய்வில், அறைக்காற்றில், தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்குக் கீழே. 56 முதல் 59 வரை இருந்தால், வலது இதயம் சிரமப்படுவதற்கான அடையாளமோ கால்வீக்கமோ ரத்தம் கெட்டிப்பட்டதோ கூட இருக்க வேண்டும். உடல்நிலை நிலையாக இருக்கும்போது, குறைந்தது மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை இரண்டு பழைய ஆய்வுகள். 1980இல் வெளியான நாட் ஆய்வில் 203 சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிகள். ராத்திரி மட்டும் ஆக்சிஜன் எடுத்தவர்களிடம் இறப்பு, பகலிலும் சேர்த்து எடுத்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1981இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வில் 87 பேர். நாளுக்கு 15 மணி நேரம் எடுத்த 42 பேரில் 19 பேர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தார்கள், எடுக்காத 45 பேரில் 30 பேர். "15 மணி நேரம்" என்று டாக்டர்கள் சொல்வது இங்கிருந்து வந்தது. 2016இல் 738 பேரை வைத்து நடந்த லாட் ஆய்வு, மிதமான குறைவு மட்டும் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டவோ மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கவோ இல்லை என்று காட்டியது. 2024இல் வந்த ரீடாக்ஸ் ஆய்வில் 241 பேர். கடுமையான குறைவு உள்ளவர்களுக்கு 24 மணி நேரம் கொடுத்ததும் 15 மணி நேரம் கொடுத்ததும் ஓராண்டு முடிவில் ஒன்றாகவே இருந்தன. குழாயோடு கட்டிப்போட்ட மாதிரி வாழ்பவர்களுக்கு இது சின்ன விடுதலை அல்ல, டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

15 மணி நேரம் நடக்கிறதா என்பதற்கு மிஷினின் மணி மீட்டரே சாட்சி. 30 நாளில் 240 மணி ஓடியிருந்தால் நாளுக்கு 8 மணிதான். தூங்கும்போது மட்டும் போடுகிறார். ஏன் என்று கேட்பது நல்ல சேவையின் வேலை. சத்தம், மின்கட்டணம், மூக்கு வறட்சி, யாராவது வந்தால் குழாயோடு உட்கார வெட்கம், காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மிஷினை அடுத்த அறையில் வைத்து நீண்ட குழாய் கொடுத்தால் சத்தம் தீரும். தண்ணீரில் கரையும் ஜெல் தடவினால் வறட்சி தீரும். வெட்கத்துக்கு மட்டும் டெக்னீஷியனிடம் பாகம் கிடையாது. அங்கே வீட்டார்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

நுரையீரல் தழும்புநோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. உட்கார்ந்திருக்கும்போது 94, நாலு எட்டு வைத்தால் 80. ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்யாமல் இவர்களுக்கு லிட்டர் எழுத முடியாது, நாளடைவில் 5 லிட்டர் மிஷின் போதாமலும் போகும். 10 லிட்டர் மிஷினுக்கு மாற்றித் தரும் வசதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது முதன்முறையாக ஆக்சிஜனோடு அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு தேதி முக்கியம். வீடு வந்து 90 நாளுக்குள் மறுபடி அளக்க வேண்டும். அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியின் பரிந்துரை இது, காரணமும் எளிது. தொற்று அடங்கி நுரையீரல் தேறிய பிறகு பலருக்கு ஆக்சிஜன் தேவைப்படுவதில்லை. மறுபடி அளக்காத இடத்தில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். மிஷினை எடுத்துப் போவதில் யாருக்கும் லாபம் இல்லை என்பதால் இந்த அளவீட்டை நினைவுபடுத்தவும் ஆள் இருக்காது. காலண்டரில் நீங்களே குறித்துவையுங்கள்.

கூட்டினால் நல்லதுதானே?

இல்லை. சிஓபிடி முற்றியவர்களில் பலருக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். ஆக்சிமீட்டரில் 98 பார்க்கும் ஆசையில் யாரோ குமிழைத் திருப்புவார்கள், நோயாளி நிம்மதியாகத் தூங்குவதுபோல் இருக்கும். கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். சீர்கெட்ட நுரையீரல், காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தத்தைக் குறைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் அதிகமானால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து ரத்தம் வீணான பகுதிகளுக்கும் ஓடும். ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் கரியமில வாயுவைச் சுமப்பதும் குறைவு. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம், நீட்டிய கை படபடவென்று அடிப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். ஆக்சிமீட்டர் இதைக் காட்டவே காட்டாது. அடையாளம் தெரிந்தால் எழுதிக்கொடுத்த லிட்டருக்கு இறக்கிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடாது, ஆக்சிஜன் முன்பிருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும்.

ஆக்சிமீட்டரையும் அளவோடு நம்புங்கள். இரண்டு மூன்று புள்ளி கூடக்குறையக் காட்டுவது அதன் இயல்பு. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், ஆடும் கை எல்லாம் எண்ணைக் கெடுக்கும். தோல் கறுத்தவர்களுக்கு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். கையைச் சூடாக்கி, விரலில் மாட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்த பிறகே எழுதுங்கள்.

கரன்ட் போனால், வெளியே போனால்

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பது எளிய பெருக்கல். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை, அழுத்த மீட்டர் காட்டும் பார் அளவால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்று கிடைக்கும். 10 லிட்டர் சிலிண்டர், 150 பார் என்றால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். கடைசிப் பத்து சதவீதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதைச் சிலிண்டரிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டித் தருகிறவர்கள் வேலை தெரிந்தவர்கள். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், இறுகியிருக்கிறதே என்று எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது. வால்வைத் திறக்கும் சாவி சிலிண்டரோடு கட்டித் தொங்க வேண்டும். இருட்டில் தேடும் பொருள் அல்ல அது.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், 350 வாட் மிஷினுக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று காகிதத்தில் ஐந்து மணி நேரம் தரும், நடைமுறையில் மூன்றரையை நம்பலாம். ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்தையும் தாங்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மிஷினே நின்றுபோனால் இன்வெர்ட்டர் என்ன செய்யும்?

தோளில் மாட்டும் சிறிய கான்சன்ட்ரேட்டரில்தான் ஏமாற்றம் அதிகம். அதில் '2' என்று இருப்பது 2 லிட்டர் அல்ல. மூச்சு இழுக்கும் நொடியில் மட்டும் ஒரு சிட்டிகை ஆக்சிஜன் தரும் வகை அது, அந்தச் சிட்டிகை எத்தனை மில்லி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நோயாளி அதை மாட்டிக்கொண்டு நடக்கும்போது ஆக்சிமீட்டரில் பார்த்துத்தான் எண்ணை முடிவு செய்ய முடியும், வாங்குவதற்கு முன்பு. வாயால் மூச்சு விடுபவர்களுக்கும், மூச்சு ஆழமில்லாமல் தூங்குபவர்களுக்கும் மிஷின் மூச்சைக் கவனிக்காமலே விட்டுவிடலாம்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. ஆக்சிஜன் தானாக எரியாது, மற்றதையெல்லாம் வெறித்தனமாக எரியவைக்கும். சட்டையும் தலைமுடியும் போர்வையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அணைத்த பிறகும் 20 நிமிடமாவது தீப்பக்கம் போகக்கூடாது. அடுப்பு, மெழுகுவர்த்தி, சிகரெட்டிலிருந்து 3 மீட்டர். இ-சிகரெட்டும் இதில் சேர்த்தி. கழற்றிய கேனுலாவை மெத்தைமேல் போட்டுவிட்டு மிஷினை ஓடவிடக்கூடாது. மூக்கில் வாசலின் வேண்டாம். புகைபிடிப்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்காமல் மிஷினை இறக்கிவைப்பவர்கள் சேவை செய்கிறார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. குழாயில் தீத்தடுப்பு வால்வு மாட்டித் தருகிறார்களா என்றும் பாருங்கள். குழாயில் தீ பிடித்தால் ஆக்சிஜனை அங்கேயே அடைத்துவிடும் சின்னப் பாகம் அது. அதில் திசை குறிக்கும் அம்பு இருந்தால் ஓட்டத்தின் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன், அவர்கள் கொடுத்த அவசர எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டுப் பாருங்கள். மிஷின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேளுங்கள். "முகவரி சொல்லுங்க, நாளைக்குக் காலையில ஆள் அனுப்புறோம்" என்று ஆரம்பித்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள். "முதல்ல சிலிண்டருக்கு மாத்துங்க, எத்தனை லிட்டர் போடணும்னு சீட்டுல இருக்கா, மீட்டர்ல எவ்வளவு இருக்கு" என்று கேட்டால், மிஷினை அவர்களிடமே எடுக்கலாம்.